விழித்திருக்க ஒரு மாதம்

டிசம்பர் விடுமுறையில் காத்திப் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே காலையிலேயே பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு. எல்லோரும் மண்டாய்க்குப் போகும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். 1973ல் திறந்த விலங்குத் தோட்டம் அங்கே இருக்கிறது. ஜூரோங்கில் இருந்த பறவைகளும் 2023ல் அங்கே குடிவந்துவிட்டன. அதே மண்டாய் சாலையில்தான் 1982லிருந்து அரசாங்கத் தகனச்சாலையும் இயங்குகிறது. சிங்கப்பூரில் கொஞ்ச காலம் வாழ்ந்த இந்துக் குடும்பம் எதுவானாலும் அந்தச் சாலையில் இரண்டு காரணங்களுக்காகவும் போயிருக்கும். யீஷூனில் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டுமே பக்கம்.

ஆண்டுக் கடைசியில் இந்த ஊருக்கு ஓய்வு வருகிறது. அதே நாள்களில் சாவும் வரத்தான் செய்கிறது. விடுமுறையில் ஒரு சாவுச் செய்தி வந்தால் "நல்ல நாளும் அதுவுமா" என்று வருத்தப்படுவோம், ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிட்டது என்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவுக்கு வேண்டியதே ஓய்வான நேரம்தான். சாகப்போகிறவருக்கும் அது வேண்டும், அவரோடு இருப்பவர்களுக்கும் வேண்டும். அதைக் கொடுக்கும் வசதி நமக்கு அதிகம் இருப்பது இந்த மாதத்தில்தான். சில ஆண்டுகளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

வேலை செய்கிறவர்களுக்கு இங்கே நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி பொது விடுமுறை ஆண்டுக்கு 11 நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு, ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி 14 வரை போகும். அதற்கு மேல் தருவது முதலாளியின் விருப்பம். குடும்பத்தில் ஒருவர் இறந்துபோனால் விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பல நிறுவனங்கள் இரண்டு மூன்று நாள் தருகின்றன. அதற்குள் உடலைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மண்டாயில் நேரம் பதிவு செய்து, அங்கே கண்ணாடிக்கு அப்பால் பெட்டி மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்து, சாம்பலை வாங்கிக் கடலில் கரைத்துவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிடும். தேதி நகர்வதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் வருத்தம்.

என் சித்தி இறந்தது ஒரு டிசம்பரில். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில் இல்லை. சிலர் திருச்சிக்குப் போயிருந்தார்கள், சிலர் கேமரன் மலையில், ஒரு குடும்பம் ஜோகூர் பாலத்து நெரிசலில் காருக்குள். திருச்சியிலிருந்து திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்ததற்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாத விலை. சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. வருசத்துல ஒரு தடவை போறாங்க, பாவம்." வர முடிந்தவர்களை வைத்துக் காரியம் நடந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. என் அக்கா மகனுக்கு அப்போது உயர்நிலை மூன்று முடிந்திருந்தது. விடுமுறை, பெரிதாக வேலையில்லை. யாரும் சொல்லாமலே துணிப்பையை எடுத்துக்கொண்டு தோ பாயோவில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். பள்ளி திறக்கும்வரை அங்கேயே இருந்தான். மேசைக்கு அடியில் கிடந்த கேரம் பலகையைத் தூசி தட்டி எடுத்தார்கள். மத்தியானம் மழை கொட்டும், இரண்டு பேரும் பவுடர் தூவி ஆடுவார்கள். நான் சாப்பாடு கொண்டுபோன போதெல்லாம் காய்கள் மோதும் சத்தம் மின்தூக்கி வரைக்கும் கேட்டது. ஆறுதலாக அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாகத் தெரியவில்லை. பதினைந்து வயசுப் பையனுக்கு அந்த வார்த்தைகள் தெரியவும் தெரியாது. அவனிடம் நேரம் இருந்தது, முழுசாகக் கொடுத்தான். அலுவலகத்திலிருந்து நாங்கள் இத்தனை பேர் சேர்ந்தும் அதைக் கொடுத்திருக்க முடியாது. பள்ளி நடக்கும் மாதத்தில் சித்தி போயிருந்தால் அவனாலும் முடிந்திருக்காது.

இந்த நாட்டில் ஓய்வுக்கு நாம் போகும் இடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்மஸ் விளக்கு அலங்காரம் 1984ல் தொடங்கியது. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போகாத குடும்பம் குறைவு. அங்கே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதி இருக்கும் நிலம் முன்பு தியோச்சியூ சீனர்களின் இடுகாடு. 1845ல் அவர்கள் வாங்கிய நிலம். 1950களில் எலும்புகளைத் தோண்டி எடுத்து மாற்றினார்கள். கடைத்தொகுதி 1993ல் திறந்தது. பீஷான் நகரம் பெக் சான் தெங் என்ற சீனர் இடுகாட்டின் மேல் எழுந்தது. நாங்கள் வாரக் கடைசியில் சாமான் வாங்கப் போகும் இடம் அது. ஃபோர்ட் கேனிங் பூங்காவில் பழைய கல்லறைப் பலகைகளைச் செங்கல் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். முன்னால் உள்ள புல்வெளியில் பாய் விரித்துப் பாட்டுக் கச்சேரி கேட்கிறோம்.

பிடாடாரிதான் எனக்கு நெருக்கமானது. 1908லிருந்து அங்கே கிறிஸ்துவர்களை அடக்கம் செய்தார்கள், முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி இருந்தது, இந்துக்களுக்கும் இருந்தது. 1972ல் மூடினார்கள். 2001க்கும் 2006க்கும் இடையில் சுமார் 58,000 கிறிஸ்துவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டி அகற்றப்பட்டன. வடகிழக்கு ரயில் பாதை 2003ல் ஓடத் தொடங்கியபோது உட்லீ நிலையத்தில் ரயில் நிற்காது, சுற்றிலும் ஆள் இல்லை. 2011ல்தான் கதவு திறந்தது. இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகள், 2024ல் திறந்த பெரிய பூங்கா, நடுவே ஒரு குளம். பக்கத்தில் மவுண்ட் வெர்னனில் 1962ல் அரசாங்கம் கட்டிய தகனச்சாலை இருந்தது. தாத்தாவை அங்கேதான் எரித்தார்கள். 2004ல் அதுவும் மூடிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது அப்பா ஒரு நிமிடம் நிற்பார், கையெடுத்துக் கும்பிடுவார், அப்புறம் பேரப்பிள்ளைகள் பின்னால் நடப்பார். பிள்ளைகள் அதற்குள் விளையாட்டுத் திடலில் ஏறியிருப்பார்கள்.

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இடம் குறைந்த தீவு. சுவா சூ காங்கில் மட்டும்தான் இப்போது அடக்கம் செய்கிறார்கள், அங்கேயும் 1998லிருந்து ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் தவணை. அதற்கப்புறம் எடுத்து எரித்துவிடுவார்கள், மதம் அனுமதிக்காதவர்களுக்குச் சிறிய குழியில் மறு அடக்கம். இறந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்ததால்தான் நமக்கு வீடு, ரயில், பூங்கா. அந்தக் கொடையை வாங்கிக்கொண்டவர்கள் பதிலுக்குக் கொஞ்சம் நேரமாவது தரலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு தமிழ் முரசைப் பிரிப்பார். முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளைத்தான். தெரிந்த முகம் இருந்தால் உடனே கைப்பேசியை எடுத்து இன்னொரு பழைய கூட்டாளிக்குச் சொல்வார். எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எப்படிப் போவது என்று பேசி முடித்த பிறகுதான் முதல் பக்கம். சின்ன வயதில் இதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். இப்போது பார்த்தால், தன் நேரத்தை என்ன செய்வது என்பதில் இவரளவு தெளிவாக இருக்கும் ஆள் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பாவிடம் நேரம் இருக்கிறது. அதை முதலில் கேட்கும் உரிமை செத்துப்போனவர் வீட்டுக்குத்தான்.

எங்கள் புளோக்கில் குடியிருந்த சீனத் தாத்தா ஒருவர் இறந்துபோனார். அவரும் பட்டறைக்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி கடைத்தெரு மலாய் மட்டும்தான், அதிலேயே வாழ்நாள் சிநேகிதம். கீழ்த்தளத்தில் கூடாரத் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டு, உடலை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். சீனர்கள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். அப்பா வெள்ளை உறையில் பெக் கிம், அதாவது துக்க வீட்டுக்குத் தரும் பணம், வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு மேசையில் உட்கார்ந்தார். வேர்க்கடலை, மிட்டாய், பொட்டலப் பானம், சிவப்பு நூல். பக்கத்து மேசையில் சீட்டாட்டம். இன்னொரு மேசையில் மாஜோங் கட்டைகள் புரளும் சத்தம்.

இரவு பதினொரு மணிக்கு நான் இறங்கிப் போய், "அப்பா, நேரமாச்சு, மேல வாங்க" என்றேன்.

"நீ போய்ப் படும்மா. இங்க ராத்திரிக்கு ஆளு கம்மி. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

அந்தக் கொஞ்ச நேரம் அதிகாலை வரை நீண்டது. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும்.

சாவு வீட்டில் சூதாட்டமா என்று முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பா அந்தக் கேள்வியை ஏற்கவே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த ஊரிலும் அப்படித்தானாம். பிணம் கிடக்கும் இரவில் உள்ளே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், திண்ணையில் ஆண்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடியவிடியச் சீட்டாடுவார்கள். பிணத்தைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் தூங்கிவிடக் கூடாது. விடியும்வரை மனிதன் வெறுமனே விழித்திருக்க முடியாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அதனால் ஆட்டம். இங்கே கீழ்த்தளத்தில் மாஜோங் ஆடுகிறவர்களும் அதே காரணத்துக்குத்தான் ஆடுகிறார்கள். துக்க வீட்டில் பொழுதுபோக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் அந்த வீட்டில் இரவு முழுக்க இருந்து பார்க்காதவர்கள். ஆட்டம் இல்லாத சாவு வீட்டில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். எது மரியாதைக் குறைவு?

நம்மிடமும் விழித்திருப்பதற்கென்று ஒரு இரவு இருக்கிறது. மார்கழி பிறப்பது டிசம்பர் நடுவில். கல்யாணம் கிடையாது, புதுவீடு போவது கிடையாது. சொந்தக் காரியங்களை நிறுத்தி வைத்துவிட்டு விடியற்காலையில் கோயிலுக்குப் போவதற்கென்றே ஒதுக்கிய மாதம். யோசித்துப் பார்த்தால் நம்முடைய விடுமுறைக் காலம் அதுதான். வைகுண்ட ஏகாதசி டிசம்பரிலோ ஜனவரி முதல் பாதியிலோ வரும். சிராங்கூன் சாலையில் 1855லிருந்து இருக்கும் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் அன்று விடியும் முன்பே வரிசை தெருவுக்கு வந்துவிடும். அன்று உயிர் பிரிந்தால் நேரே வைகுண்டம் என்று பெரியவர்கள் நம்புவார்கள். அந்த இரவு கண் விழிப்பதற்காக ஆடும் ஆட்டம் பரமபதம். பாம்பு, ஏணி, தாயக்கட்டை, உச்சியில் வைகுண்டம். சாவுக்கு அப்பால் போய்ச் சேரும் இடத்தை வரைந்து, அதைப் பிள்ளைகள் கையில் ஆட்டமாகக் கொடுத்து, தூங்காமல் பார்த்துக்கொள் என்று சொன்னவர்கள் நம் ஆட்கள். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தவிக்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது, தேக்காவில் ஒரு பரமபதப் படம் வாங்கி விரித்துப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஏகாதசி இரவில் விரித்தோம். அப்பா, சித்தப்பா, பிள்ளைகள், நான். உச்சிக்குப் பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கும் பெரிய பாம்பில் சித்தப்பா விழுந்து அடிமட்டத்துக்கு வந்தார். முதலில் மேலே போய்ச் சேர்ந்த என் மகள் தூங்கப் போகாமல் எல்லோருக்கும் கட்டை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்தியின் பேச்சு தானாக வந்தது. அவர் செய்யும் இறால் சம்பல், கேரம் பலகையை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்ததன் காரணம், கடைசி வாரத்தில் மருத்துவமனையில் அவர் கேட்ட ஒரே விஷயம். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அது. அதுவரை சித்தப்பா அதை எங்களிடம் சொன்னதில்லை.

அந்த ஆசை சித்திக்கு மட்டும் இருந்ததல்ல. 2014ல் லியன் அறநிறுவனம் எடுத்த ஆய்வில் சிங்கப்பூரர்களில் 77 விழுக்காட்டினர் வீட்டில் இறக்கவே விரும்புவதாகச் சொன்னார்கள். நடப்பது வேறு. 61 விழுக்காடு மரணங்கள் மருத்துவமனைகளில் நிகழ்ந்துவந்த நிலையில், 2027க்குள் அதை 51 ஆகக் குறைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2023ல் இலக்கு வைத்தது. வீட்டுக்கே வந்து பார்க்கும் அந்திமகாலப் பராமரிப்புச் சேவைகள் இங்கே உண்டு. எச்சிஏ ஹாஸ்பிஸ் 1989லிருந்தே இதைச் செய்கிறது. வீட்டில் இறந்தால் போலீஸ், படிவம் என்று அலைய வேண்டியிருக்கும் எனப் பலர் பயப்படுகிறார்கள். தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர் வந்து இறப்பைச் சான்றளித்தால் போதும், 2022 மே மாதத்திலிருந்து பதிவும் அதோடு தானாக முடிந்துவிடுகிறது. ஆனால் சேவையாளர்கள் வந்து போகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு வாய் நனைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலான வீடுகளில் மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் கையாக இருக்கிறது. முதியவர்கள் மருத்துவமனைக்குப் போவதற்கு நோய் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் நம் நாள்காட்டியும்.

பீஷ்மரை நினைத்துக்கொள்கிறேன். தட்சிணாயனம் முடியட்டும் என்று 58 இரவு அம்புப் படுக்கையில் காத்திருந்தவர். அந்தக் காத்திருப்பில் அவர் சும்மா கிடக்கவில்லை, பேரன்களுக்கு அரசு நடத்துவது முதல் எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார். கேட்பதற்குத் தருமனும் பக்கத்தில் இருந்தான். போர் முடிந்து நாடே அவன் கையில் இருக்கும்போது, அவனைவிட வேலை அதிகமுள்ளவர் யார்? அவன் வந்து உட்கார்ந்தான். கிழவருக்குப் பேச அவகாசம் கிடைத்தது.

அந்த ஏகாதசி இரவில் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். பல நாள் கேட்க நினைத்தும் சாப்பாட்டு மேசையில் வராத வார்த்தை, தாயக்கட்டை உருட்டும்போது எளிதாக வந்தது.

"அப்பா, உங்களுக்கு முடியாமப் போனா என்ன செய்யணும்னு எங்களுக்குச் சொல்லி வையுங்க."

அவர் காயை நகர்த்தி முடித்துவிட்டுத்தான் பேசினார். "மூச்சுக்குழாயெல்லாம் வேணாம்மா. முடிஞ்ச வரைக்கும் வீட்டுலயே வெச்சுக்க. வலிக்கு மருந்து குடுக்கச் சொல்லு, அதுக்கு மாத்திரம் கஞ்சத்தனம் பண்ணாத." கொஞ்சம் யோசித்தார். "சாம்பலக் கரைக்கப் போறப்ப பிள்ளைங்களையும் படகுல கூட்டிட்டுப் போ. வேலை இருக்குன்னு யாரும் அவசரப்படக் கூடாது."

கடலில் சாம்பல் கரைக்க அதிகாரிகள் ஒதுக்கியிருக்கும் இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போய்வர நேரம் பிடிக்கும். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் உட்காரவைத்துக் கேட்பார்: எது உங்களுக்கு முக்கியம், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நீங்கள் பேச முடியாத நிலையில் உங்களுக்காக யார் பேச வேண்டும். சொன்னதை எழுதிப் பதிவு செய்துவிடுவார்கள். பின்னால் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் அள்ளித் தெளித்துவிட்டு வரும் வேலை இல்லை, குடும்பம் கூட இருந்தால் நல்லது. பெர்த்தில் இருக்கும் தம்பி கிறிஸ்மஸுக்கு வருகிறான். அந்த வாரத்தில் அவனுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. அப்பாவின் பேச்சாளராக என்னையும் எனக்கு அடுத்து அவனையும் போடுவதாக அப்பா முடிவு செய்திருக்கிறார். செய்தி கேள்விப்பட்டுச் சித்தப்பாவும் கூப்பிட்டு, "எனக்கும் ஒரு எடம் போட்டு வையும்மா, நானும் வந்துர்றேன்" என்றார். இருவருக்கும் ஒரே நாள் காலையில் பதிவு செய்திருக்கிறேன், அப்பா பத்திரிகை படித்து முடிக்கும் நேரம் பார்த்து.